தலையணை மந்திரமும் பகலின் மௌனமும்

நேயர்களே, நம் வீடுகளிலே சிலர் உண்டு. பொழுது விடிந்தது முதல் இருட்டும் வரை அவர்களிடமிருந்து பத்துச் சொற்களைப் பெறுவதே பெரும்பாடு. கேட்ட கேள்விக்கு ஒரு தலையசைப்பு, அல்லது ஓர் 'ஓம்'. அவ்வளவுதான். ஆனால் விளக்கை அணைத்துப் பாயிலே சாய்ந்ததும், "இஞ்சருங்கோ, நித்திரையே?" என்று மெல்லத் தொடங்கும் பேச்சு நடுச்சாமம் வரை நீளும். கேட்பவருக்கோ கண் சொருகும். இத்தனை பேச்சும் பகல் முழுவதும் எங்கே ஒளிந்திருந்தது என்று வியக்காதவர் யார்?

தமிழிலே இதற்கொரு பெயர் இருக்கிறது: தலையணை மந்திரம். ஆங்கிலேயர் இதனைத் 'திரைச்சீலைப் பிரசங்கம்' என்றனர். குளிருக்கு அடக்கமாகக் கட்டிலைச் சுற்றித் திரைச்சீலை தொங்கவிட்ட காலத்துச் சொல் அது. தோமஸ் ஹேவூட் என்ற நாடகாசிரியர் 1637ஆம் ஆண்டிலேயே அந்தப் பெயரில் ஒரு நூல் வெளியிட்டார். இரு மொழிகளிலும் இச்சொல் ஏளனச் சொல்லாகவே வழங்கி வந்திருக்கிறது. படுக்கையில் பேசுபவரைப் பார்த்துச் சிரித்த உலகம், அவர் ஏன் பகலிலே பேசவில்லை என்று கேட்க மறந்துவிட்டது. இன்று அந்தக் கேள்வியை வரலாற்றிடம் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு பெரிய மனிதரின் கதை. அமெரிக்க விடுதலைப் போராட்டத்தின் மூத்த தலைவர் பெஞ்சமின் பிராங்க்லின் சபையிலே அதிகம் பேசாதவர். அவர் ஒரே மூச்சில் 10 நிமிடங்கள் பேசித் தாம் கேட்டதேயில்லை என்று தோமஸ் ஜெபர்சன் பதிவு செய்திருக்கிறார். 1776 செப்டெம்பரில், பிரித்தானியத் தளபதி ஹவ் பிரபுவுடன் சமாதானம் பேசுவதற்காக பிராங்க்லினும் ஜோன் அடம்சும் ஸ்டேற்றன் தீவை நோக்கிப் புறப்பட்டனர். வழியில் நியூ பிரன்ஸ்விக் என்ற ஊரில் விடுதிகளெல்லாம் நிரம்பியிருந்தன. இருவருக்கும் கிடைத்தது ஒரு சிற்றறை, ஒரு கட்டில், ஒரு சிறு யன்னல்.

இராக்காற்று உடம்புக்கு ஆகாதென்று அடம்ஸ் யன்னலைச் சாத்தினார். பிராங்க்லினோ அதைத் திறக்கச் சொன்னார். தடிமன் குளிர்காற்றினால் வருவதன்று, அடைத்த அறைக்குள் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் சுவாசிப்பதனால் வருவது என்பது அவருடைய கொள்கை. அடம்ஸ் யன்னலைத் திறந்துவிட்டுக் கட்டிலில் ஏறினார். சபையில் வாய் திறவாத முதியவர் அந்த இருட்டிலே காற்றையும் மூச்சையும் தோலையும் பற்றி விளக்கத் தொடங்கினார். விளக்கம் முடியுமுன்பே அடம்ஸ் உறங்கிவிட்டார். இதையெல்லாம் பின்னாளில் தம் சுயசரிதையில் எழுதி வைத்தவர் உறங்கிப்போன அந்த அடம்ஸ்தான்.

கட்டிலைப் பகிர்வது அக்காலத்தில் புதுமையன்று. பிரயாணிகள் அந்நியரோடு ஒரே படுக்கையில் படுத்தனர். பல வீடுகளில் குடும்பம் முழுவதற்கும் ஒரே கட்டில். எசமானியும் பணிப்பெண்ணும் ஒரே படுக்கையில் உறங்கியதும் உண்டு. பகலில் தலைகுனிந்து நின்ற பணிப்பெண் இரவிலே எசமானியின் காதருகே படுத்திருந்தாள். முகம் தெரியாத இருளிலே பேச்சுக்கு அச்சம் குறைவு.

பிராங்க்லின் பேசாதிருந்தது அவருடைய விருப்பம். ஆனால் பேச இடமில்லாமல் மௌனமானவர்களின் கதை வேறு. இலண்டன் கடற்படை அலுவலகத்தில் உயர்பதவி வகித்தவர் சாமுவேல் பீப்ஸ். 1660 முதல் 1669 வரை அவர் சுருக்கெழுத்தில் எழுதிய நாட்குறிப்பு 1825இல்தான் அச்சேறியது. அவருடைய மனைவி எலிசபெத், தன் வாழ்வின் தனிமையை ஒருமுறை கடிதமாக எழுதிக் கணவரிடம் கொடுத்தாள். அவர் அதை வாசியாமலே எரித்தார். 1663 ஜனவரியில் அவள் அதே குறையைச் சொல்லும் தாளொன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசித்துக் காட்டினாள். பிறர் கண்ணில் பட்டால் மானம் போகுமே என்று அஞ்சிய பீப்ஸ் அதையும் கிழித்தெறிந்தார்.

1668ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி. பணிப்பெண்ணோடு கணவர் தகாத நிலையில் இருந்ததை எலிசபெத் நேரிலே கண்டாள். முதலில் அவள் வாயடைத்துப் போனாள் என்றே பீப்ஸ் எழுதுகிறார். படுக்கைக்குச் சென்றபோதும் இருவரும் அதிகம் பேசவில்லை. பின்னிரவு இரண்டு மணியளவில் அவள் அவரை எழுப்பினாள். அழுதாள். தான் கத்தோலிக்க சமயத்தைச் சேர்ந்தவள் என்ற இரகசியத்தை அப்போதுதான் சொன்னாள். கத்தோலிக்கர் மீது ஐயமும் பகையும் நிறைந்திருந்த அன்றைய இங்கிலாந்தில், அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் வாழ்வையே கவிழ்க்கக்கூடிய சொல் அது. அவள் எழுதியது நெருப்புக்கும் கிழிப்புக்கும் இரையாயிற்று. இருட்டிலே அவள் சொன்னது மட்டும் கணவரின் கையெழுத்திலேயே நிலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில், 29 வயதில், எலிசபெத் காலமானாள்.

இனி நகைச்சுவைக்கு வருவோம். 1845இல் 'பஞ்ச்' என்ற இலண்டன் இதழில் டக்ளஸ் ஜெரோல்ட் எழுதிய 'திருமதி கோடிலின் திரைச்சீலைப் பிரசங்கங்கள்' நாடு முழுவதையும் சிரிக்க வைத்தது. கோடில் ஒரு விளையாட்டுப் பொருள் வியாபாரி. பகலில் கடை மணி அடித்தால் எழுந்து ஓடிவிடுவார். ஆகவே இரவு பதினொரு மணிக்குப் பின்னரே மனைவிக்கு அவர் அகப்பட்டார். முதற் பிரசங்கம், நண்பர் ஒருவருக்குக் கோடில் 5 பவுண் கடன் கொடுத்ததைப் பற்றியது. பிறிதொன்று, இரவல் போன குடையைப் பற்றியது.

சிரிப்பு அடங்கியபின் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, மணமான பெண்ணின் கைப்பணமும் உழைப்பின் ஊதியமும் பொதுவாகக் கணவனுக்கே உரியன. இந்நிலையை மாற்றும் சட்டங்கள் 1870இலும் 1882இலுமே வந்தன. அந்த 5 பவுணைக் கொடுக்குமுன் கோடில் மனைவியைக் கேட்கவேண்டிய கட்டாயமில்லை. கொடுத்தபின் பகலிலே நியாயம் கேட்க அவளுக்கொரு மன்றமும் இல்லை. எழுந்து போகமுடியாத கணவனும் அணைந்த விளக்குமே அவளுடைய மன்றம்.

இரவுக்கு இத்தகைய இடம் இருந்ததற்கு வேறொரு காரணத்தையும் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் எகேர்ச் காட்டினார். 2001இல் ஒரு கட்டுரையிலும் 2005இல் ஒரு நூலிலும் அவர் நிறுவ முயன்றது இது: முற்கால ஐரோப்பியர் பலர் இரவை ஒரே உறக்கமாகக் கழிக்கவில்லை. முதல் நித்திரை, இரண்டாம் நித்திரை என இரண்டாகவே உறங்கினர். நடுவிலே ஒரு மணி நேரம் அல்லது அதற்கு மேலும் விழித்திருந்து செபித்தனர், அடுப்பு நெருப்பைப் பார்த்தனர், அருகிலிருப்பவரோடு பேசினர். இது மனித இனம் முழுவதற்கும் பொருந்துமென்று கொள்ளல் ஆகாது. 2015இல் தன்சானியா, நமீபியா, பொலிவியா ஆகிய நாடுகளில், மின்விளக்கின்றி வாழும் மூன்று சமூகங்களை ஆராய்ந்தவர்கள் அத்தகைய இரட்டை உறக்கத்தைக் காணவில்லை.

ஆயினும் இரவின் பேச்சு பகலின் பேச்சிலிருந்து வேறானது என்பதற்கு ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைவனம் நல்ல சான்று தருகிறது. அங்கு வாழும் வேட்டுவக் குடியினரின் 174 உரையாடல்களை மானிடவியலாளர் பொலி வீஸ்னர் ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டார். பகற்பேச்சில் பெரும்பங்கு பிழைப்பும் முறைப்பாடும். கதைக்குக் கிடைத்தது 6 வீதமே. இரவிலே நெருப்பைச் சுற்றி அமர்ந்ததும் கதையின் பங்கு 81 வீதமாக உயர்ந்தது. காட்டில் வழி தவறியது, விலங்கு துரத்தியது, லொறி நடுவழியில் நின்றது, யாரோ யாரையோ மணந்தது எல்லாம் அங்கே கதையாயின. 1970களில் அம்மக்களிடையே மிகச் சிறந்து விளங்கிய கதைசொல்லிகளில் இருவர் பார்வையற்றவர்கள். வேட்டையிலே பின்தங்கியவர்கள் நெருப்போரத்தில் முன்னே வந்தார்கள்.

அந்த இருளை மனிதன் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டான். 1667இல் பரிஸ் நகர வீதிகளில் விளக்குகள் தொங்கின. 1807இல் இலண்டன் பால் மால் வீதியில் வாயு விளக்கு எரிந்தது. 1879இல் எடிசனின் மின்குமிழ் வந்தது. வேலையும் வெளிச்சமும் பகலின் எல்லையைத் தாண்டின. படுக்கைகள் தனித்தனியாயின. இன்று பல வீடுகளில் விளக்கு அணைந்தபின்னும் கைத்தொலைபேசியின் ஒளி முகத்திலே விழுகிறது.

ஆக, நேயர்களே, பேசாதவர் படுக்கையிலே பேசுவது விந்தையன்று. அப்போது வேலை ஓய்கிறது. முகம் மறைகிறது. கேட்பவர் எழுந்து போகமாட்டார் என்ற நம்பிக்கை பிறக்கிறது. பகலிலே இவற்றுள் ஒன்றேனும் கிடைத்திருந்தால் அவர் பகலிலேயே பேசியிருக்கக்கூடும். அவருடைய மௌனத்தைக் குணமென்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அதிலே நம்முடைய பங்கும் உண்டு.

பிராங்க்லின் பேசும்போது அடம்ஸ் உறங்கினார். அதனால் எவருக்கும் குறையில்லை, மறுநாள் பயணத்திலும் அந்தப் பெரியவர் பேசியிருக்கலாம். எலிசபெத்துக்கோ அந்தப் பின்னிரவு இரண்டு மணிதான் இருந்தது. இன்றிரவு உங்கள் வீட்டிலே "நித்திரையே?" என்று ஒரு குரல் கேட்டால், கண் சொருகினாலும், "இல்லை, சொல்லும்" என்று சொல்லிப் பாருங்கள்.