நிரையும் நிரலும்: கோவை ஊர்க்கணக்குகளும் நிரல்வழித் தரவுத்தளமும்

தரவுக்கிடங்குகளுக்குரிய நிரல்வழித் தரவுத்தளம் கணினித் துறையின் அண்மைக்காலப் புதுமையாகவே பெரிதும் அறிமுகப்படுத்தப்படுகிறது. அட்டவணையை நிரல் நிரலாகப் பிரித்துச் சேமிக்கும் முறையைக் கோப்லாண்டும் கோஷாஃபியனும் 1985இல் முன்வைத்தனர். 2005இல் ஸ்டோன்பிரேக்கர் குழுவினரின் சி-ஸ்டோர் வெளிவந்தது. எனினும் ஒரே தகவலை யாருடைய கேள்விக்கேற்ப எவ்வரிசையில் வைப்பது என்னும் சிக்கல், ரயத்துவாரி நிலவிய கோவை மாவட்டக் கர்ணங்களுக்குப் பழகிய ஒன்றே.

ஊர்க்கணக்குகளுள் 2ஆம் எண் அடங்கல் புல எண் வரிசையில் அமைந்தது. ஒரு புலத்தின் பரப்பு, பயிர், பாசன ஆதாரம் ஆகியன ஒரே நிரையில் நிற்கும். 10ஆம் எண் சிட்டா அதே நிலங்களைப் பட்டாதாரர்வழி அடுக்கியது. 1ஆம் எண் கணக்கோ பயிர்வழித் தொகை. தன் நிலத்துக்குரிய தீர்வையை அறிய விரும்பிய குடியானவருக்குச் சிட்டா போதும். சோளமும் பருத்தியும் எத்தனை ஏக்கர் என்று கேட்ட அரசுக்கு, அடங்கலின் பயிர் நிரலை மேலிருந்து கீழாகக் கூட்ட வேண்டியிருந்தது. கேட்பவர் மாறக் கணக்கின் வரிசையும் மாறியது. அதற்கான உழைப்பு முழுவதும் கர்ணத்துடையது. சி-ஸ்டோரும் ஒரே நிரலைப் பல வரிசைகளில் படியெடுத்து வைக்கிறது. புதிய பதிவுகளைத் தனியே ஏற்றுப் பின்னர் வாசிப்புக்குரிய பகுதிக்கு நகர்த்துகிறது. பருவந்தோறும் எழுதப்பட்ட அடங்கல், பசலி ஆண்டின் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் முடிவுபெற்றதை இது நினைவூட்டுகிறது.

நிரலில் ஒரே மதிப்பு தொடர்ந்து வருமாயின் அதனை ஒருமுறை எழுதி எண்ணிக்கையை மட்டும் குறிப்பது நிரல்வழிச் சேமிப்பின் முதன்மைச் சிக்கனம். தமிழ்க் கணக்கெழுத்தின் ௸ (மேற்படி) குறியும் இவ்வாறே மேல்வரியை நம்பி வாழ்வது. ஒருங்குறியில் அது 2003இல் இடம்பெற்றது; கணக்கேடுகளை நேரில் வாசித்தோர்க்கு அதன் சிக்கனம் எப்போதும் தெரிந்ததே.

ஆனால் ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. நிரல்வழித் தரவுத்தளத்தில் ஒவ்வொரு மதிப்பின் நிலையும் காக்கப்படுவதால் நிரையை மீண்டும் கட்டமைக்க இயலும். 1ஆம் எண் கணக்கின் தொகையிலிருந்து புலத்துக்குத் திரும்ப வழியில்லை. கொங்கு வேளாண்மை குறித்த ஆய்வுகள் பல, நிக்கல்சனின் 1887ஆம் ஆண்டு மாவட்டக் கையேட்டையும் பருவ-பயிர் அறிக்கைகளையும், அதாவது கூட்டி முடித்த தொகைகளையே சார்கின்றன. எந்தப் பட்டாதாரரின் தோட்டத்தில் கிணறு இருந்தது, எவர் மானாவாரியையே நம்பினார் என்னும் கேள்விகளுக்கு அவற்றில் விடையில்லை. கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்ட பின் வந்த கிராம நிர்வாக அலுவலர்களும் அடங்கலைத் தொடர்ந்து எழுதினர். ஆகவே அதன் தொடர்ச்சி அறுபடவில்லை. தேடிச் சேர்ப்பதே எஞ்சிய பணி.

பழைய அடங்கல்களைக் கணினியில் ஏற்றுவோர் ஒன்றைக் கருத வேண்டும். பட்டாதாரர்வழியோ பயிர்வழியோ வரிசை மாற்றுமுன் ஒவ்வொரு ௸க்கும் அதன் மேல்வரி மதிப்பை விரித்தெழுத வேண்டும். இல்லையேல் ஒருவரது கிணறு மற்றொருவரது புலத்தில் போய் நிற்கும்.