பட்டா கேட்ட நிவாரணம்: பெருந்தொற்றுக் காலமும் நிலமற்ற தலித் உழவர்களும்

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மறுநாளே ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். 8.7 கோடி உழவர்களின் வங்கிக் கணக்கில் ஏப்ரலில் தலா 2,000 ரூபாய் செலுத்தப்படும் என்பது அதன் முக்கிய அறிவிப்புகளுள் ஒன்று. அந்த உழவர்கள் யார் என்பதே நாம் எழுப்ப வேண்டிய கேள்வி.

அத்தொகை புதிய நிதியன்று. 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டம், ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வழங்குகிறது. அதன் வழக்கமான தவணையே முன்கூட்டித் தரப்பட்டது. ஆகவே அத்திட்டத்தின் தகுதி விதியே நிவாரணத்தின் விதியும் ஆயிற்று: சாகுபடி நிலம் குடும்பத்தார் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கும் கூலிக்கு நாற்று நடுபவருக்கும் அதில் இடமில்லை.

இவ்விதி சாதியின் பெயரைச் சொல்வதில்லை. ஆயினும் சாதியின் வேலையைச் செய்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சொந்தமாகவோ குத்தகைக்கோ சாகுபடி செய்வோர் ஏறத்தாழ 11.9 கோடி, வேளாண் கூலித் தொழிலாளர் 14.4 கோடி. மக்கள்தொகையில் 16.6 விழுக்காடு உள்ள பட்டியல் சாதியினரிடம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடிப் பரப்பில் 9 விழுக்காடுகூட இல்லை. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவர்களிடம் நிலத்துக்கான சான்றைக் கேட்பது, பழைய மறுப்பை மீண்டும் ஒருமுறை உறுதிசெய்வதாகும்.

கூலித் தொழிலாளருக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் இருக்கிறதே எனச் சிலர் கேட்கலாம். அதே தொகுப்பில் அத்திட்டத்தின் சராசரி நாள் கூலி 182 ரூபாயிலிருந்து 202 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் ஊரடங்கால் பணிகள் முடங்கின. ஏப்ரல் 20 முதலே மீண்டும் அனுமதிக்கப்பட்டன. வேலை இல்லாத நாள்களில் கூலி உயர்வு எவர் பசியையும் ஆற்றாது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. 2020 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இத்திட்டத்தில் பெரும் முறைகேடு வெளிப்பட்டது. தகுதியற்ற 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் சென்றிருந்ததாக அரசு தெரிவித்தது. கொரோனா உதவித்தொகை எனக் கூறி இடைத்தரகர்கள் ஏழைகளின் ஆவணங்களைப் பெற்றுப் பதிவு செய்ததாகச் செய்திகள் வெளிவந்தன. பணம் கணக்குகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டது. முறைகேடு தண்டிக்கப்பட வேண்டியதே. ஆனால் தனக்கும் உதவி வரும் என்று நம்பிய நிலமற்றவர், அரசின் ஏட்டில் 'தகுதியற்றவர்' என்ற பெயருடன் நின்றார்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் தேசிய உழவர் கொள்கை, வேளாண் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் 'உழவர்' என்ற வரையறைக்குள்ளேயே வைத்தது. ஒடிசாவின் 'காலியா' திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கும் உதவித்தொகை வகுத்தது. எனவே நாம் கேட்பது சலுகையன்று. அரசு தானே எழுதிய வரையறையை நிவாரணத்திலும் பின்பற்ற வேண்டும். வேலை அட்டையையும் தகுதிச் சான்றாக ஏற்க வேண்டும். பஞ்சமி நிலங்களை மீட்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்த பேரிடர் வரும்வரை இக்கோரிக்கைகள் காத்திருக்கலாகாது.