ஜோசஃபின் மண்டாமின்: பேரேரிகளைச் சுற்றி நடந்த பாட்டி

ஜோசஃபின் மண்டாமின் (1942–2019) வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளையும் காலால் நடந்து சுற்றிய ஒஜிப்வே மூதாட்டி. ஒஜிப்வேக்கள் அனிஷினாபே என்னும் பெருங்குடியின் ஒரு கிளையினர். கனடாவிலும் அமெரிக்காவிலுமாக ஏரிக்கரைகளில் வாழ்பவர்கள். இன்று அவர்களிடையே பரவியுள்ள ‘நீர் நடை’ என்ற வழக்கம் இவரைச் சுற்றி உருவானது. தொன்றுதொட்டு வரும் சடங்கு என்று வெளியார் பலர் எண்ணினாலும், இந்த வடிவில் அது தொடங்கியது 2003-இல்தான். பழையது அதன் அடியில் இருக்கும் நம்பிக்கை.

மண்டாமினின் சொந்த ஊர் ஹூரான் ஏரியின் மனிட்டூலின் தீவிலுள்ள விக்வெம்கூங். ஏரிக்குள் அமைந்த தீவுகளில் உலகிலேயே பெரியது மனிட்டூலின். ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி ஆகிய மூன்று கிளையினரும் அங்கே கலந்து வாழ்கின்றனர். 1862-இல் தீவின் நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் வந்தபோது விக்வெம்கூங் தலைவர்கள் கையெழுத்திட மறுத்தார்கள். அந்த மண் இன்றும் ‘விட்டுக்கொடுக்கப்படாத நிலம்’ என்றே வழங்குகிறது. பழங்குடிப் பிள்ளைகளைத் தாய்மொழியிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் பிரித்து வளர்த்த உறைவிடப் பள்ளிகளின் காலத்தில் பிறந்தவர் மண்டாமின். பின்னாளில் சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள தண்டர் பே நகரில் குடியமர்ந்தார்.

அனிஷினாபே மரபில் நெருப்பைக் காப்பது ஆண்களின் பொறுப்பு, நீரைக் காப்பது பெண்களின் பொறுப்பு. கருவில் பிள்ளையை நீருக்குள் சுமப்பவள் பெண் என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். சடங்குகளில் தண்ணீர்ச் செம்பை ஏந்திப் பாடுவோரும் பெண்களே. நிலவையும் பாட்டி முறை சொல்லி அழைக்கும் இச்சமூகத்தில், பேரப்பிள்ளைகளுக்கு இவற்றைக் கற்றுத்தருவது மூத்த பெண்களின் கடமை.

வீட்டுக்கும் சடங்குக்கும் உள்ளே இருந்த இந்தப் பொறுப்பு நெடுஞ்சாலைக்கு வந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1962 முதல் 1970 வரை கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள டிரைடன் நகரக் காகித ஆலைக் கழிவிலிருந்து சுமார் 9 டன் பாதரசம் ஆற்றில் கலந்தது. அந்த ஆற்று மீனை நம்பி வாழ்ந்த கிராஸி நாரோஸ் ஊர் ஒஜிப்வேக்களின் உடலில் அந்த நஞ்சு தலைமுறை தாண்டியும் தங்கிவிட்டது. 1998-இல் இன்னொரு அதிர்ச்சி: சுப்பீரியர் ஏரி நீரை ஆண்டுக்கு 60 கோடி லிட்டர் வரை கப்பலேற்றி ஆசியாவில் விற்க ஒரு நிறுவனத்துக்கு ஒன்டாரியோ அரசு அனுமதி அளித்தது. எதிர்ப்பு வலுத்ததும் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. என்றாலும் ஏரியை விலைபேச முடியும் என்பது வெளிப்பட்டுவிட்டது. ஒஜிப்வே ஆன்மிக மூத்தவர் எட்வர்ட் பென்டன்-பனாய் 2000-ஆம் ஆண்டுவாக்கில், இன்னும் முப்பது ஆண்டுகளில் தண்ணீர் தங்கத்தின் விலைக்கு வந்துவிடும் என எச்சரித்தார். அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்விதான் தன்னை நடக்க வைத்தது என்று மண்டாமின் கூறிவந்தார்.

2003 வசந்தத்தில் இரண்டு பாட்டிகளின் முன்னெடுப்பில் ஒரு சிறு குழு சுப்பீரியர் ஏரியைச் சுற்றப் புறப்பட்டது. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது. சாலைவழியே சுற்றினால் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். நடையின் விதிகள் எளியவை, ஆனால் கண்டிப்பானவை. விடியலில் ஒரு செப்பு வாளியில் நீர் முகந்து பெண் ஒருவர் முன்னே நடப்பார். நீர் முன்னோக்கியே செல்ல வேண்டும், பொழுது சாயும்வரை நிற்கக் கூடாது. ஒருவர் களைத்தால் அடுத்தவர் நடந்தபடியே வாளியை வாங்கிக்கொள்வார். கழுகிறகு கட்டிய கோலை ஆண்கள் ஏந்தி உடன் வருவார்கள். ஓடையோ ஆறோ குறுக்கிட்டால் புகையிலையைக் காணிக்கையாக இட்டு வணங்குவார்கள். வாளி செம்பாலானது என்பதும் தற்செயல் அல்ல: சுப்பீரியர் கரையில் ஐரோப்பியர் வருமுன்பே பல்லாயிரம் ஆண்டுகள் செம்பு வெட்டியெடுக்கப்பட்டது. முழக்கங்களோ கோரிக்கைப் பட்டியலோ நடையில் இல்லை. மண்டாமினுக்கு அது போராட்டம் அல்ல, வழிபாடு. அதைப் போராட்டமாகப் பார்ப்பதும் முழுத் தவறு என்று சொல்ல முடியாது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் மிச்சிகன், ஹூரான், ஒன்டாரியோ, ஈரி ஏரிகளையும் அவர் சுற்றி முடித்தார். 2011-இல் பசிபிக், அட்லாண்டிக், மெக்ஸிகோ வளைகுடா, ஹட்சன் வளைகுடா ஆகிய நான்கு திசைக் கடல்களிலிருந்தும் நான்கு குழுக்கள் உப்புநீர் சுமந்து வந்து சுப்பீரியரில் சேர்த்தன. 2017-இல் சுப்பீரியர் கரையிலுள்ள டுலூத்திலிருந்து, செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலோடு கலக்கும் பகுதியிலுள்ள கியூபெக்கின் மட்டான் வரை நடந்ததே அவரது கடைசி நெடுநடை. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. அனிஷினாபே குடிகளின் கூட்டமைப்பான ‘அனிஷினாபெக் தேச’த்தின் தலைமை நீர் ஆணையராகவும் பணியாற்றிய அவர் 2019 பிப்ரவரியில் காலமானார். நடந்த மொத்தத் தொலைவு 17,000 கிலோமீட்டருக்கும் மேல்.

வழக்கம் அவர் இருக்கும்போதே பிறர் கைக்கும் போயிருந்தது. மினசோட்டாவைச் சேர்ந்த ஒஜிப்வே மூத்த பெண்மணி ஷரன் டே 2013-இல் மிசிசிப்பி ஆற்றின் தலைப்பான இடாஸ்கா ஏரியிலிருந்து மெக்ஸிகோ வளைகுடா வரை நீர் சுமந்து நடந்தார்; வேறு ஆறுகளிலும் அந்நடை தொடர்ந்தது. தலைமை நீர் ஆணையர் பொறுப்பு மண்டாமின் மறைந்த சில வாரங்களில் அவருக்குப் பேத்தி முறையாகும் விக்வெம்கூங் சிறுமி ஆட்டம் பெல்டியரிடம் வந்தது. முந்தைய ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையில் தண்ணீருக்காகப் பேசியிருந்த அவருக்கு அப்போது வயது 14.