பதினொன்றும் பதினேழும்



சோடியம் 11, குளோரின் 17 என்று பள்ளியில் ஒப்பித்தது பலருக்கும் நினைவிருக்கும். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, காதர்பேட்டைக் கடை என்று ஆளுக்கொரு திசையில் போன பிறகு அந்த எண்கள் எதற்கும் உதவவில்லை என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் நம் நொய்யலுக்கு என்ன நேர்ந்தது என்று விளங்கிக்கொள்ள இந்த இரண்டு எண்களும் வேண்டும். அவை வந்த வரலாற்றோடு சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1869-ல் ருஷ்யாவின் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி வரிசைப்படுத்தினார். எடை ஏற ஏற, ஒரே மாதிரியான குணங்கள் முறைவைத்துத் திரும்ப வந்தன. ஆனால் சில இடங்களில் கணக்கு இடித்தது. டெலூரியத்தின் எடை 127.6, அயோடினின் எடை 126.9. எடைப்படி அயோடின்தான் முன்னால் வர வேண்டும். குணத்தைப் பார்த்தால் அது குளோரின், புரோமின் குடும்பத்தில் டெலூரியத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். மெண்டலீவ் குணத்தின் பக்கம் நின்றார். டெலூரியத்தின் எடையைத் தவறாக அளந்திருப்பார்கள் என்று எண்ணினார். அளவில் தவறு இல்லை. கோபால்ட், நிக்கலிலும் இதே சிக்கல். 1894-ல் ஆர்கான் கிடைத்தபோது, அது தனக்குப் பின்னால் வரவேண்டிய பொட்டாசியத்தைவிட எடை கூடுதலாக இருந்தது.

காதர்பேட்டையில் சர்ப்ளஸ் துணியைக் கிலோ கணக்கில் வாங்குகிறவருக்கு இது எளிதில் புரியும். இரண்டு மூட்டை ஒரே எடை இருக்கும். ஒன்றில் டி-சர்ட், இன்னொன்றில் ஜட்டி. தராசை மட்டும் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது.

அதுவரை தனிமத்தின் எண் என்பது வருகைப் பதிவேட்டில் நாங்கள் போடும் வரிசை எண் மாதிரிதான். 1911-ல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே அணுக்கரு இருப்பதைக் காட்டினார். அதை ஒட்டி, ஹாலந்து நாட்டு வழக்கறிஞர் வான் டென் புரூக், அட்டவணையில் தனிமத்தின் இட எண்தான் அதன் அணுக்கருவின் மின்சுமை என்று யோசனை சொன்னார். நல்ல யோசனை, ஆனால் அளந்து காட்ட ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஹென்றி மோஸ்லி. மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் கூடத்தில் வேலை செய்த இளைஞர். ஒவ்வொரு தனிமத்தையும் வெற்றிடக் குழாய்க்குள் வைத்து எலக்ட்ரான்களால் தாக்கினால், அது தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். அதன் அதிர்வெண்ணை அவர் அளந்தார். 1913-ல் கால்சியம் முதல் துத்தநாகம் வரை அளந்து பார்த்ததில், அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே அளவான படியாக ஏறியது. எடை அப்படி ஒழுங்காக ஏறுவதில்லை. கோபால்ட் 27, நிக்கல் 28 என்று அந்தப் படிகளே சொல்லிவிட்டன. அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான் அந்த எண் என்று இன்று சொல்கிறோம்.

மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கிற சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் மொத்தம் எத்தனை என்று வேதியியலாளர்கள் அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாரிஸ் பேராசிரியர் உர்பேன் பல ஆண்டுகள் உழைத்துப் பிரித்த மாதிரிகளை 1914-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தார். மோஸ்லி சில நாட்களில் அவற்றுக்கு எண் சொல்லிவிட்டார். 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்றும் அவர் காட்டினார். பின்னாளில் மூன்றும் நிரம்பின.

அவர் அதைப் பார்க்கவில்லை. உலகப் போர் வந்ததும் தானே முன்வந்து படையில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10 அன்று துருக்கியின் கலிப்போலியில் குண்டடி பட்டு இறந்தார். வயது 27. அந்த மலைத்தொடரில் அதே நாட்களில் இந்தியப் படையின் கூர்க்காக்களும் சண்டையிட்டார்கள். இப்படிப்பட்ட ஒருவரைப் போர்முனைக்கு அனுப்பியது பெரும் வீண் என்று ரூதர்ஃபோர்டு வருந்தி எழுதினார்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ, லிட்டர் தண்ணீருக்குப் பல பத்து கிராம் போடுவார்கள். உப்பு சாயத்தைத் துணியிடம் தள்ளிவிடுகிறது, தான் துணியில் தங்குவதில்லை. அநேகமாக முழுவதும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடுகிறது. சாயத்தின் நிறத்தை ஓசோனாலோ பாக்டீரியாவாலோ சிதைக்கலாம். உப்பை அப்படிச் சிதைக்க வழியில்லை.

ஏன்? வேதிவினைகள் எல்லாம் அணுவின் வெளிப்புற எலக்ட்ரான்களோடு நின்றுவிடுகின்றன. அணுக்கருவை அவை தொடுவதில்லை. ஆகவே 11 எந்தத் தொட்டியிலும் 11 ஆகவே இருக்கும், 17-ம் அப்படியே. சுண்ணாம்பு போட்டாலும், காற்று ஊதினாலும், கிருமி வளர்த்தாலும் சோடியம் சோடியம்தான். நிறம் போனதும் தண்ணீர் சுத்தமானது போலத் தெரியும். டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

அந்த உப்பு நொய்யலில் இறங்கி, பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கிணறுகள் உப்புக் கரித்தன. சோடியம் ஏறிய மண் இறுகியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. வேலை இல்லாமல் ஊரைவிட்டுப் போனவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். விவசாயியின் கண்ணீரும் தொழிலாளியின் கண்ணீரும் இரண்டும் நம் வீட்டுக் கண்ணீர்தான்.

பிறகு வந்த சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை, உப்பை அழிக்கும் முறை அல்ல. ஆர்.ஓ. சவ்வில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைக் கையில் எடுக்கும் முறை. மின்சாரமும் விறகும் இவ்வளவு செலவாவது அதனால்தான். எடுத்த உப்பில் ஒரு பகுதி மீண்டும் சாயத்துக்குப் போகிறது. பிரிக்க முடியாத கலப்பு உப்பு கிடங்கில் மூட்டையாகக் கிடக்கிறது.

பொது சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் இதைப் படிப்பீர்கள். அந்தக் கலப்பு உப்பை இப்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.