தானியங்கு நேரமுத்திரை நெடுவரிசை

தானியங்கு நேரமுத்திரை நெடுவரிசை என்பது, உறவுசார் தரவுத்தள அட்டவணை ஒன்றில் ஒரு பதிவு சேர்க்கப்பட்ட அல்லது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைத் தரவுத்தள மென்பொருளே குறித்து வைக்கும் நெடுவரிசை ஆகும். மைஎஸ்கியூஎல் மென்பொருளின் "டைம்ஸ்டாம்ப்" தரவு வகை இதற்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

செயற்பாடு

மைஎஸ்கியூஎல்லில் இதற்கு இரு பண்புகள் உள்ளன. "டிஃபால்ட் கரண்ட்_டைம்ஸ்டாம்ப்" என்பது பதிவு சேர்க்கப்படும்போது நடப்பு நேரத்தை இடுகிறது. "ஆன் அப்டேட் கரண்ட்_டைம்ஸ்டாம்ப்" என்பது பதிவின் வேறு ஏதேனும் மதிப்பு மாறும்போது நேரத்தைப் புதுப்பிக்கிறது. பழைய மதிப்பே மீண்டும் எழுதப்பட்டால் நேரம் மாறாது.

பழைய பதிப்புகளின் இயல்பு

பழைய பதிப்புகளில், அட்டவணையின் முதல் டைம்ஸ்டாம்ப் நெடுவரிசைக்குப் பண்பு எதுவும் குறிப்பிடப்படாவிடில், மேற்கண்ட இரண்டும் தாமாகவே பொருந்தின. ஆகவே பதிவு உருவான நாளைக் காப்பதற்கென அமைக்கப்பட்ட நெடுவரிசை, பின்னாளில் ஓர் எழுத்துப்பிழை திருத்தப்பட்டாலும் புதிய நேரத்தைப் பெற்றது. உருவான நாள் அழிந்தது. ஓர் அட்டவணையில் ஒரு நெடுவரிசை மட்டுமே தானியங்கியாக இருக்க முடியும் என்ற வரையறையும் இருந்தது. 2013 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 5.6 பதிப்பு இவ்வரையறையை நீக்கியது. "டேட்டைம்" வகைக்கும் இவ்வசதியை அளித்தது. பண்புகள் தாமாகப் பொருந்தும் வழக்கம் 2018 இல் வெளியான 8.0 பதிப்பில் இயல்பிருப்பாக நிறுத்தப்பட்டது.

வரம்புகள்

டைம்ஸ்டாம்ப் மதிப்பு ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் சேமிக்கப்பட்டு, இணைப்பின் நேர வலயத்துக்கு மாற்றிக் காட்டப்படுகிறது. இவ்வகை 2038 சனவரி 19, 03:14:07 மணிக்குப் பிந்திய நேரத்தை ஏற்காது. டேட்டைம் வகை 9999 ஆம் ஆண்டு வரை ஏற்கும். ஆனால் நேர வலய மாற்றம் செய்யாது.

பிற மென்பொருட்கள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் "ஆன் அப்டேட்" பண்பு இல்லை. அதற்கெனத் தூண்டி எனப்படும் நிரல்துண்டு எழுதப்படுகிறது. அங்கு நடப்பு நேரம் என்பது பரிமாற்றம் தொடங்கிய நேரமாகும். எனவே ஒரே பரிமாற்றத்தில் சேர்க்கப்படும் பதிவுகள் யாவும் ஒரே நேரத்தைப் பெறும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் "டைம்ஸ்டாம்ப்" என்னும் வகை நேரத்தைக் குறிப்பதே இல்லை. அது ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மாறும் 8 பைட்டு எண் ஆகும். "ரோவெர்ஷன்" என்பது அதன் மற்றொரு பெயர்.

பயன்பாடு

உருவான நேரத்துக்கும் மாற்றிய நேரத்துக்கும் தனித்தனி நெடுவரிசைகள் அமைப்பது வழக்கம். மாற்றிய நேரத்துக்கான நெடுவரிசை கடைசி மாற்றத்தை மட்டுமே காட்டும். முந்தைய மாற்றங்களையோ மாற்றியவரையோ காட்டாது. மேலும், மைஎஸ்கியூஎல்லில் பயனர் விரும்பிய நேரத்தை இந்நெடுவரிசையில் நேரடியாக எழுதவும் இயலும். ஆதலால் தணிக்கை தேவைப்படும் இடங்களில் மாற்றங்கள் தனி வரலாற்று அட்டவணையில் பதியப்படுகின்றன.