ஐந்து தரமா, நான்கு தரமா?

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியது பற்றி எம்மவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். இரண்டு மணித்தியால அவகாசம், கையில் நூற்றைம்பது ரூபா, மாற்றுத் துணி. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். பறிபோன நகை, காணி உறுதி, கடை, வீடு எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கிறது. தாய்ப்பாலைப் பட்டியலில் சேர்த்தவர் எவரையும் நான் கண்டதில்லை.

அன்று எனக்குப் பத்து வயது. தம்பி பிறந்து இருபத்துமூன்று நாள். உம்மாவுக்கு நாற்பது கழியவில்லை. சோனகதெருவிலிருந்து லொறியில் ஏறினோம். பிறகு இறக்கிவிட்டார்கள், நடந்தோம். வவுனியாவை அடைவதற்கு முன்பே தம்பி கத்திக் கத்திக் குரல் கம்மிப்போயிருந்தான். உம்மா மார்பில் வைத்தால் சூப்புவான், உடனே விட்டுவிட்டு அலறுவான். "பால் வத்திப் போச்சு" என்று கூட வந்த பெண்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். உம்மாவும் நம்பினா. முப்பது வருடத்துக்கு மேல் அதை நம்பியே இருந்தா.

அது வற்றவில்லை என்பதை ஆசிரிய கலாசாலையில் சுகாதாரக் கல்வி படித்தபோதுதான் அறிந்தேன். குழந்தை சூப்பும்போது தாயின் உடலில் இரண்டு ஓமோன்கள் வேலை செய்கின்றன. புரோலக்ரின் பாலை உண்டாக்கும். ஒட்சிடோசின் அதை வெளியே தள்ளும். பயமும் பதற்றமும் இரண்டாவதைத் தடுத்துவைக்கும். பால் உள்ளே இருக்கும், இறங்காது. தாய்க்கு ஓர் ஆறுதலான இடமும் குழந்தையை மீண்டும் மீண்டும் சூப்பவிடப் பொறுமையும் கிடைத்தால் பெரும்பாலும் திரும்ப வரும். துரத்தப்பட்டவளுக்கு அந்த இடத்தை யார் கொடுப்பது?

புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டில்தான் எங்கள் வீடு. வாப்பா எங்கோ அலைந்து ஒரு டின் பால்மா கொண்டுவந்தார். அது நாள்பட வரவேண்டும் என்று உம்மா கரண்டியைத் தலைதட்டி, தண்ணீரைக் கூட்டிக் கரைத்தா. கொதிக்க வைக்க விறகில்லாத நாளும் உண்டு. தம்பிக்கு வயிற்றோட்டம் பிடித்தது. மா கரைத்தால் குழந்தை சூப்புவது குறையும், சூப்புவது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். அந்தச் சுழலுக்குள் உம்மா அகப்பட்டா. பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒழுக்கக் கோவையை உலக சுகாதார சபை 1981இல் ஏற்றது. இலங்கை 1983இலேயே தனக்கொரு கோவை செய்துகொண்டது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் கொட்டிலில் பால்மாவைக் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. அந்த டின் இல்லாவிட்டால் தம்பி இருந்திருக்கமாட்டான்.

டின் மட்டுமல்ல. பக்கத்துக் கொட்டிலில் எங்கள் தெருக்காரப் பெண் ஒருவர் இருந்தார். அவருக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. தம்பி அலறும்போது வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொள்வார். எங்கள் நபியவர்களுக்கே ஹலீமா நாயகி பாலூட்டினார்கள் அல்லவா, இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்பார். எத்தனை தரம் ஊட்டினார் என்று அன்று யாரும் எண்ணவில்லை.

எண்ணவேண்டிய நாள் 2016இல் வந்தது. அவருடைய கடைசி மகள், முகாமிலேயே பிறந்தவள். தம்பிக்கு அவளைக் கேட்கலாம் என்று வாப்பா பேச்செடுத்தார். உம்மாவின் முகம் வெளிறிவிட்டது. பால்குடி உறவு இரத்த உறவைப் போலவே திருமணத்தை விலக்கும். நாங்கள் ஷாபிஈ மத்ஹபினர். இரண்டு வயதுக்குள் ஐந்து தரம் குடித்திருந்தால் அவள் தங்கை.

ஐந்தா, நான்கா? ஒரு வரலாற்று மாணவனுக்கு இதைவிடக் கடினமான கேள்வி வாய்க்காது. சாட்சிகள் இருவரே. உம்மா "மூன்று நாலு" என்றா. அந்தத் தாய், "கிழமைக்கணக்கா குடுத்தேன்" என்றார். மா டின் எப்போது வந்தது என்று வாப்பாவைக் கேட்டோம். அவர் சொன்ன நாளும் உம்மா சொன்ன நாளும் பொருந்தவில்லை. உம்மா ஏன் குறைத்துச் சொன்னா என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. தன் பிள்ளைக்குத் தன்னால் கொடுக்க முடியாமற்போன கணக்கு அது. எந்தத் தாய் அதைக் கூட்டிச் சொல்லுவாள்? எண்ணிக்கையில் சந்தேகமிருந்தால் விலக்கு ஏற்படாது என்று மௌலவி சொன்னார், ஆனாலும் பேணுதலாக விட்டுவிடுவது நல்லது என்றார். விட்டுவிட்டோம்.

அதன்பின் அன்று கைக்குழந்தையோடு வந்த மற்றப் பெண்களையும் விசாரிக்கத் தொடங்கினேன். இப்போது யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்திருப்பவர்கள் சிலர், புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்கள் சிலர். ஆண்பிள்ளை இதையெல்லாம் கேட்பதா என்று ஒருவர் கதவைச் சாத்தினார். என் மனைவியை அனுப்பிய பிறகு பேசினார்கள். சீனித்தண்ணீர் கொடுத்தவர், சோற்றுக் கஞ்சியை வடித்துக் கொடுத்தவர், பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்தவர். ஒருவர் மட்டும் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "என்ர பிள்ளையின்ர பேரையும் எழுதுவியளோ மகள்?" என்று கேட்டாராம்.

அந்தப் பிள்ளை முகாமில் இரண்டு மாதந்தான் இருந்தது.