ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சோழவரமும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னை வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த சிறிய கார் ஆகும். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டி.

இதன் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகள் இதை விரும்பியதில் வியப்பில்லை.

அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வேகம் விரும்பியவர்கள் உள்ளூர்க் காரிலிருந்தே அதை வரவழைக்க வேண்டியிருந்தது. களம், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களில் ஹெரால்டு, பியட், அம்பாசிடர் போன்ற வீட்டுக் கார்களும் ஓடின.

ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி. மட்டுமே. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சிறிது இழைத்தால் எரியறை சுருங்கி, அமுக்க விகிதம் கூடும். அதே பெட்ரோலில் கூடுதல் விசை கிடைக்கும். இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தினால் காற்றும் பெட்ரோலும் தாராளமாகச் செல்லும். அளவு மீறி இழைத்தாலோ எஞ்சின் 'நாக்' அடிக்கும். ஹெட் கேஸ்கட் போகும், சில வேளை பிஸ்டனும் போகும்.

பந்தயங்கள் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறின. அதற்குள் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கார் உற்பத்தியும் நின்றுபோயிருந்தது. இழைத்த உலோகத்தைத் திரும்பச் சேர்ப்பது எளிதன்று. புது ஹெட்டும் அரிது. ஆகவே பழைய ஹெரால்டைச் சீரமைப்பவர், எஞ்சினில் கைவைக்கும் முன், அது ஏற்கெனவே எவ்வளவு இழைக்கப்பட்டிருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.